செனாய் சாலையில் கொதித்த பெட்ரோல்

ஜொகூர் மாநிலத்தில், உச்சி வெயிலில், ஒரு காரின் பெட்ரோல் போதுமான அளவு சூடாக இல்லையே என்று கவலைப்பட்ட ஆள் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குத் தீபாவளிக்கு யார் வந்தாலும் முறுக்குத் தட்டோடு சேர்த்து இந்தக் கதையும் பரிமாறப்படுகிறது. பரிமாறுவது என் மனைவி கோமதி. அவள் வாயில் வரும்போது நான் இன்னும் கொஞ்சம் மக்காகத் தெரிகிறேன். ஒரு தடவையாவது நானே சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கூலாயில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, செனாயில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தேன். கெட்டிலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் உள்ளே வைக்கிற சூடேற்றும் கம்பிச்சுருள்களை அங்கே தயாரித்தோம். நாள் முழுக்க எதையாவது சூடாக்கிக்கொண்டே இருந்தால் மனிதனுக்கு ஒரு கொள்கை பிறந்துவிடுகிறது. உலகத்தில் எது வேலை செய்யாவிட்டாலும் அதற்குச் சூடு பத்தவில்லை என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறான்.

அதே தொழிற்சாலையில் தரப் பரிசோதனை மேசையில் செலின் இருந்தாள். நான் சுற்றிய சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மணியம், இது கோணலா இருக்கு லா. காலையில பசியாறலயா?" என்று கேட்பாள். (பசியாறுவது என்றால் எங்கள் ஊரில் காலை உணவு சாப்பிடுவது.) அவள் இப்படிக் கேட்க வேண்டும் என்பதற்காகவே நான் கோணலாகச் சுற்றிய சுருள்கள் எத்தனையோ. மேலாளர் என் கைத்திறனைப் பற்றிக் கவலைப்பட்டார். நான் கவலைப்படவில்லை.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. அதற்குள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கத்தோலிக்கப் பெண், நான் முருகனுக்குக் காவடி எடுக்கிற வீட்டுப் பையன், அவள் அப்பா செடெனாக்கில் உபதேசியார் (ஃபாதர் வராத ஞாயிறுகளில் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர்) என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் பயம். அவளைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படியிருக்கும்போது அவளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கே? சரவாக்கில். கடல் தாண்டி! திங்கட்கிழமை காலை நேரில் போய்ப் பதிந்துகொள்ளாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மாலை விமானம். அதை விட்டால் வேறு வழியில்லை. "டாக்ஸி சொல்லியாச்சு," என்றாள். "டாக்ஸி எதுக்கு? நான் இருக்கேன்ல, கார் இருக்குல்ல," என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் சுயமாக யோசித்துச் சொன்ன வார்த்தை அல்ல அது. ஆனால் சொன்ன பிறகு சந்தோஷமாக இருந்தது. செடெனாக்கிலிருந்து செனாய் விமான நிலையம் வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் காத்திருக்கேன்" என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும்.

இனி காரைப் பற்றி. அது என்னைவிட வயதில் மூத்தது. ஒரு சீன அங்கிளிடம் வாங்கியது. மழை பெய்த மறுநாள் காலையில் கிளம்பாது. நானும் பக்கத்து அறைக்காரனும் தள்ளுவோம். ஞாயிற்றுக்கிழமையும் அது அப்படி மானத்தை வாங்கினால்? அந்தப் பயத்தில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கில மோட்டார் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அதில் ஆதி காலத்துக் கார்களைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற பாகத்துக்குக் கார்பரேட்டர் என்று பெயர். அந்தக் காலத்துப் பெட்ரோல் மட்டமானது, குளிர்ந்த காலையில் ஆவியாக மாறாது, அதனால் இன்ஜின் கிளம்பாது. ஆகவே கார்பரேட்டரில் மின்கம்பிச்சுருள் வைத்து, பெட்ரோலைச் சூடாக்கிவிட்டுக் கிளப்பினார்களாம்.

மின்கம்பிச்சுருள்! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கடவுளே என் தொழிற்சாலை வழியாக எனக்குச் சேதி அனுப்பியதாக நினைத்தேன். புத்தகத்தின் படத்தில் ஒருவர் கனத்த கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார். சுற்றிலும் பனி கொட்டிக் கிடந்தது. அந்தப் பனியை நான் அலங்காரம் என்று எடுத்துக்கொண்டேன்.

கழித்துப்போட்ட சுருளில் ஒரு சாண் வெட்டி, தீப்பிடிக்காத உறை மாட்டி, கார்பரேட்டரின் பெட்ரோல் கிண்ணத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச். அதில் இரண்டு நிலை. ஒன்று, சூடு. இரண்டு, அதிகச் சூடு. தானாக அணையும்படி ஏதும் வைக்கவில்லை. அணைக்க வேண்டிய நேரத்தில் எனக்கே தெரியும் என்று நம்பினேன். (நான் வெந்து சாம்பலாகாமல் இன்று உங்களுக்கு இதை எழுதுவது யார் செய்த புண்ணியமோ தெரியாது.)

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செடெனாக்கில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். தலைக்கு எண்ணெய், சட்டைக்குக் கஞ்சி. செலினின் அப்பா சவரிமுத்து அங்கிள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர் வருவார் என்று நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பின்னால் அவள் அம்மா, ஒரு பெரிய பெட்டி, கறிபாப் (உள்ளே உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த பலகாரம்) நிறைந்த ஒரு டப்பா, கடைசியாக ஓரத்தில் செலின்.

"தம்பி, டாக்ஸிக்காரன வேணாம்னு சொல்லிட்டோம். ஒன்ன நம்பித்தான் பா," என்றார் அங்கிள்.

"கவலைய விடுங்க அங்கிள். ஒரே ஸ்டார்ட்ல எடுத்துரும்," என்று சுவிட்சை ஒன்றில் வைத்தேன். கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பினேன். வண்டி உடனே கிளம்பியது! என் கண்டுபிடிப்பின் வெற்றியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. (இரண்டு நாளாக மழையே இல்லை, அது சும்மாவே கிளம்பியிருக்கும் என்பது பிற்பாடுதான் உறைத்தது.) செலினைப் பார்ப்பதற்காகக் கண்ணாடியைத் திருப்பினேன். ஆன்ட்டியின் முகம்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். பெட்டி தெரிந்தது. இந்த வேலையில் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன்.

கூலாயைத் தாண்டியதும் வண்டி இருமியது.

"என்ன தம்பி, ஒரு மாதிரி இழுக்குது?"

"பெட்ரோல் குளிர்ச்சியா இருக்கு அங்கிள்."

பின்னால் விமான டிக்கெட் உறையால் விசிறிக்கொண்டிருந்த ஆன்ட்டியின் கை நின்றது. "குளிர்ச்சியாவா?" என்றார். வெளியே தார் ரோடு பளபளத்துக்கொண்டிருந்தது. புத்தகம் படித்தவன் நான். சுவிட்சை இரண்டில் வைத்தேன்.

வண்டி மூன்று தடவை விக்கி, ரோட்டோரம் போய் நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கினேன். கார்பரேட்டருக்குள் கொடகொடவென்று சத்தம். பெட்ரோல் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியாகிப் போனால் நல்லது என்று புத்தகம் சொன்னது உண்மை. ஆனால் மொத்தமும் ஆவியாகிவிட்டால் இன்ஜினுக்குக் குடிக்க ஒன்றும் மிஞ்சாது என்பதை அது எனக்காகத் தனியாக எழுதவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, "தண்ணி ஊத்தி ஆத்தணும்," என்றேன்.

தண்ணீர் யாரிடமும் இல்லை. அங்கிள் மட்டும் ஒரு பாட்டிலைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தம். செலின் தங்கப்போகும் அறையில் தெளிப்பதற்கு.

"இது தீர்த்தம்," என்றார் அங்கிள், என் முகத்தைப் பார்க்காமல்.

"அங்க போய்த் தெளிக்கணும்னா மொதல்ல அங்க போகணுங்க. ஊத்துங்க!" என்றார் ஆன்ட்டி.

அங்கிள் சிலுவை போட்டுக்கொண்டு கார்பரேட்டருக்குத் தீர்த்தம் ஊற்றினார். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அங்கிள் பின்வாங்கினார். ஆவி அடங்கியதும் சாவியைத் திருப்பினேன். வண்டி எழுந்தது! அடுத்த மேடுவரை ஓடியது. பிறகு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. இந்தத் தடவை பேட்டரி. இருந்த கரண்ட்டையெல்லாம் என் சுருள் குடித்துத் தீர்த்திருந்தது.

நான் மறுபடி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். செலின் வந்து பக்கத்தில் நின்றாள். பானெட் எங்கள் இருவரையும் மறைத்திருந்தது. அவள் கோபப்படவில்லை. நெற்றியில் வேர்வை, கண்ணில் மட்டும் பயம். "மணியம், ஃப்ளைட் போயிருமா?" என்று கேட்டாள். இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. வாயைத் திறந்தேன். அங்கிளின் தலை பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. வாயை மூடினேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் தொழிற்சாலை பஸ் வந்தது. மாலை ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கூலாயிலிருந்து செனாய் போகிற பஸ். ஜன்னலுக்கு ஜன்னல் எனக்குத் தெரிந்த முகங்கள். ஓட்டுநர் ஒரு மலாய்க்காரப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம். "அலமாக், மணியம்!" என்று பிரேக் போட்டார். விமான நிலையம் என்றதும் மறுபேச்சு பேசாமல் கதவைத் திறந்தார். பையன்கள் இறங்கிப் பெட்டியைத் தூக்கினார்கள். அங்கிள், ஆன்ட்டி, செலின் ஏறினார்கள்.

நானும் ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் விமான நிலையம்வரை அவளோடு போயிருக்கலாம். காரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தத் தகர டப்பாவை யார் திருடப் போகிறார்கள்? பஸ் நிறைய ஆட்கள் பார்க்க, கையெல்லாம் கரியோடு, தோற்றுப்போனவனாக அவள் பக்கத்தில் உட்கார வெட்கப்பட்டேன். அவ்வளவுதான்.

பஸ் நகர்ந்தது. கொஞ்சம் போனதும் மறுபடி நின்றது. செலின் ஜன்னலில் தலையை நீட்டி என்னையே பார்த்தாள். நான் ஓடிப்போய் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். நாள்கணக்கில் மனப்பாடம் செய்த வரி நெஞ்சுவரை வந்தது. தொண்டையில் எங்கோ வழி மாறியது. உரத்த குரலில், தெளிவாக, நான் சொன்னது இதுதான்:

"பெட்ரோல் ஆறட்டும், பின்னாலேயே வந்துர்றேன்!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. செலினும் சிரித்தாள். பஸ் போய்விட்டது.

ஒரு லாரிக்காரர் இரங்கி வண்டியைக் கிளப்பிக் கொடுத்து நான் விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது விமானம் கிளம்பியிருந்தது. அங்கிளும் ஆன்ட்டியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "ஏறிட்டா தம்பி," என்றார் அங்கிள். ஆன்ட்டி ஒரு கறிபாப்பை எடுத்து என் கையில் வைத்தார். அதைத் தின்றுகொண்டே அழுதேன். காரம் என்று நினைத்து ஆன்ட்டி தண்ணீர் வாங்கப் போனார்.

செலின் கடிதம் எழுதினாள். நானும் பதில் எழுதினேன். காரைப் பற்றித்தான் எழுதினேன். சுருளைக் கழற்றிவிட்டேன், பிளக் ஒயரில் ஈரம் இறங்கியதுதான் கோளாறு, இப்போது மழையிலும் கிளம்புகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். கொஞ்ச நாளில் கடிதங்கள் நின்றன. அங்கேயே ஓர் ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று கேள்விப்பட்டேன். மாலையில் கூலாய்க்கு மேலே விமானம் போனால் நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போது வந்தது. இன்னும் போகவில்லை. ஏங்கினேன் என்று சொன்னால் இந்த வயதில் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் ஏங்கத்தான் செய்தேன்.

அந்தப் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின் சீட்டில் இருந்தவள்தான் கோமதி. அப்போது எனக்கு முகம் மட்டும் தெரியும். சில மாதம் கழித்து கேன்டீனில் என் எதிரே தட்டை வைத்து, "என்ன, பெட்ரோல் ஆறிருச்சா?" என்று கேட்டாள். வெகு நாளைக்குப் பிறகு நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் கல்யாணம்வரை போனது.

போன வருடம் உலு திராமில் பழைய நண்பர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எங்களுக்கு எதிரே செலின் வந்து உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அதேதான். என் பிள்ளைகள் விடுவார்களா? "அம்மா, கதையச் சொல்லுங்க!" என்றார்கள். கோமதி பனியில் தொடங்கி, தீர்த்தம் தாண்டி, பஸ்வரை சொன்னாள். செலின் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாக்சிக்க நான்தான் நிறுத்தச் சொன்னேன்," என்றாள். "அவர் ஏதோ சொல்ல வர்றாரு, கொஞ்சம் நில்லுங்கன்னு கெஞ்சினேன். நேரமாச்சுன்னு அப்பா திட்டினாரு."

முன்னால் மாடு கீடு வந்திருக்கும், அதனால்தான் பஸ் நின்றது என்று இத்தனை வருடமும் நான் நினைத்திருந்தேன். கோமதியைப் பார்த்தேன். அவள் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். பக்கத்துலதான உட்கார்ந்திருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க சரவாக் போயிருப்பீங்க," என்றாள் கோமதி.

இந்தத் தீபாவளிக்கும் வீடு நிறைய ஆட்கள். கோமதி கதை சொன்னாள். பஸ் கிளம்புகிற இடம் வந்ததும் கொஞ்சம் தயங்கினாள். "பஸ் நின்னுச்சு. அந்த அக்காதான் நிறுத்தச் சொன்னாங்க. இவரு சொல்றத கேக்கணும்னு," என்றாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோமதியும் பார்த்தாள்.

மிச்சத்தை நான்தான் சொன்னேன். "பெட்ரோல் ஆறட்டும், பின்னாலேயே வந்துர்றேன்!"

வீடே சிரித்தது. கோமதிதான் அதிகம் சிரித்தாள். அப்படியே என் தட்டில் இன்னொரு முறுக்கை வைத்தாள்.