எழுத்தைப் படமாக்குகிறவர்

மனித குலத்தில் 'படமாக்கி' என்றொரு இனம் புதிதாகக் கிளம்பியிருக்கிறது. சினிமா எடுக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், அப்பாவி. கம்ப்யூட்டரில், வேர்டில், அழகாக அடித்த ஒரு காகிதத்தை அப்படியே அனுப்ப இவருக்கு மனசு வராது. நடுவில் யாராவது ஓர் எழுத்தை மாற்றிவிட்டால்? ஒரு கமாவைத் திருடிவிட்டால்? ஆகவே திரையைப் படம் பிடித்து, பெயின்டில் ஒட்டி, ஓரம் வெட்டி, ஜேபிஜி ஆக்கி, மெயிலில் போக வேண்டுமே என்று சுருக்கி, சுருக்கினது போதாதென்று இன்னும் சுருக்கி, கடைசியில் விபூதி பூசினாற்போல் மங்கலாக ஒன்றை அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிப்பார்.

படிக்க முடிகிறதா? அது வாங்கினவர் பாடு.

குஷாய்குடாவில் எங்கள் மாடிவீட்டு பக்தவத்சலம் மாமா இந்த இனத்தில் முதல் தாம்பூலத்துக்கு உரியவர். பஜனை நோட்டீஸைக்கூடப் படமாக்கித்தான் அனுப்புவார். ஏன் என்று கேட்டேன்.

"வேர்டுல இருக்கிறவரைக்கும் அது உற்சவர், மாமி. எவன் வேணும்னாலும் தோள்ல தூக்கிண்டு போயிடுவான். படமாயிட்டா மூலவர். அசைக்க முடியாது!"

கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது.

அவருடைய ஒரே பெண் நித்யஸ்ரீ இன்ஜினீயரிங் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். அமீர்பேட்டையில் ஏதோ ஒரு ஏஜென்ட், யாருடைய ரெஸ்யூமிலோ இல்லாத அனுபவத்தைச் செருகிவிட்டதாக மாமா கேள்விப்பட்டார். அவ்வளவுதான். பெண்ணின் ரெஸ்யூமைப் படமாக்கினார். "இனிமே இது எதுக்கு, திருட்டுப் போறதுக்கா?" என்று வேர்டில் இருந்ததை அழித்தார். மாதாப்பூரில் இருக்கிற கம்பெனிக்கெல்லாம் அந்தப் படம் போயிற்று.

ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை. கூடப் படித்தவர்கள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறும் நேரத்தில் நித்யஸ்ரீ ஜன்னலைச் சாத்திவிடுவாள். நமக்குத்தான் படிப்பு போதவில்லையோ என்று குழந்தைக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அவள் அம்மா பட்டு மாமி அனுமாருக்கு வடைமாலை நேர்ந்துகொண்டாள். நான் என் பங்குக்கு விளக்கேற்றினேன். அனுமார்தான் என்ன செய்வார்? அவருக்கும் அந்தப் படம் மங்கலாகத்தானே தெரிந்திருக்கும்!

கடைசியில், நித்யஸ்ரீயோடு படித்து மாதாப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட ஃபாத்திமா வீட்டுக்கு வந்தாள். ரெஸ்யூமைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"அங்கிள், வர்ற ரெஸ்யூமையெல்லாம் மொதல்ல மனுஷங்க பாக்கறதில்ல. 'ஜாவா'ன்னு தேடினா, அந்த வார்த்தை எதுல இருக்கோ அதைக் கம்ப்யூட்டர் எடுத்துக் குடுக்கும். இது போட்டோ. இதுல அதுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. வேர்டுல குடுங்க, எங்க ஆபீஸ்ல நானே குடுத்துடறேன். குடுக்கறதுக்குக் கெடு நாளையோட முடியுது."

"ஆனா யாரும் கை வைக்கலையே?" என்றார் மாமா.

"கண்ணே வைக்கலையே!" என்றாள் பட்டு மாமி.

நித்யஸ்ரீ உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தாள். மாமா நாற்காலிக்குப் பின்னால் நின்று தவித்தார்.

"ஆயிடுத்தா? குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தரம் படமா..."

"நக்கோப்பா, வேண்டாம்! ப்ளீஸ், மவுஸ்லேர்ந்து கைய எடு!"

எடுத்தார். பெருமாள் கிருபை! ஃபாத்திமா பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனாள். மறுவாரம் இன்டர்வியூ. இப்போது நித்யஸ்ரீயும் பஸ் ஏறுகிறாள்.

வேலைக்கான உத்தரவு வேர்டில்தான் வந்ததாம். இவ்வளவு பெரிய கம்பெனி இப்படி அஜாக்கிரதையாக இருக்கலாமா என்று மாமாவுக்கு ஒரே வருத்தம். சம்பளத்தை யாராவது குறைத்து எழுதிவிட்டால்? உடனே படமாக்கிச் சுருக்கி வைத்துக்கொண்டு, வேர்டில் வந்ததை அழித்துவிட்டார். இப்போது சம்பளம் எவ்வளவு என்று யாராலும் படிக்க முடியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. பிரியமானதைப் பொத்திப் பொத்தி வைத்து, ஒருத்தருக்கும் உதவாமல் பண்ணுகிற புத்தி உங்களுக்குக் கிடையாதுதான். ஆனாலும் சுவாமி சத்தியமாகச் சொல்லுங்கள்: உங்கள் வீட்டு டி.வி. ரிமோட், வாங்கின அன்று போட்ட பிளாஸ்டிக் உறைக்குள்தானே இன்னும் இருக்கிறது?