மூன்று கையெழுத்து

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்ட பெரிய சாதனை, பள்ளிக்கூடத்தில் பாடத்தேர்வு ஆலோசகர் என்று ஒருவரை நியமித்ததுதான். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். ஆலோசகரே வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் ஒன்பதில் என்ன விருப்பப்பாடம் எடுப்பது, அது பன்னிரண்டாம் வகுப்பில் எங்கே கொண்டுபோய் விடும் என்று பதினோரு வருடங்களாக அவர்தான் வழிகாட்டுகிறார். மாடிப்படிக்குக் கீழே அறை. உள்ளே வருகிறவர்கள் தலை இடிக்காமல் குனிந்து வர வேண்டும். அதைத் தமக்குச் செய்யும் மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார். 'குழந்தை சொல்வதைக் கேளுங்கள்' என்று அவரே எழுதிய அட்டை, பெற்றோர் கண்ணில் படும்படி, அவருடைய முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அவர் தம் பாடத்தைத் தேர்ந்தெடுத்த கதை வேறு. கல்லூரியில் சேர்ந்த அன்று அந்தப் பாடத்துக்கான வரிசையில்தான் ஆள் குறைவு. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

படிவமும் அவர் தயாரித்ததே. மாணவர், பெற்றோர், ஆலோசகர் என்று மூன்று கையெழுத்து. கூடவே, அந்தப் பாடம் ஏன் வேண்டும் என்று பிள்ளை அரைப்பக்கம் எழுதித் தரும் 'ஆசைத் தாள்'. படிவத்தின் அடியில் 'மாணவரின் காரணம் கேட்டறியப்பட்டதா?' என்ற கேள்வி. எதிரே 'ஆம்' என்ற கட்டம். முதல் வருடம் நானூறு படிவங்களுக்குக் கையால் டிக் அடித்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து டிக்கையும் சேர்த்தே அச்சடித்தார். நிர்வாகத் திறமை என்றால் இதுதான்.

இந்த வருடம் எட்டாம் வகுப்பு முடித்தவர்களில் அவருடைய மகளும் ஒருத்தி. விரும்பும் பாடம் என்ற இடத்தில் 'மரவேலை' என்று எழுதியிருந்தாள். நாலு மணிக்குள் பட்டியல் தலைமை ஆசிரியையிடம் போயாக வேண்டும். மூன்றரைக்கு அவர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"அப்பா, எனக்கு..."

"இங்க நான் அப்பா இல்லம்மா. ஆலோசகர். சார்னு கூப்பிடு."

"சரி சார். அப்பா எப்ப வருவாரு?"

நியாயமான கேள்வி. அவர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து பெற்றோர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, 'பெற்றோர் ஐந்து நிமிடம் தாமதம்' என்று கூட்டக் குறிப்பில் எழுதுவதற்காக மறுபடி தம் நாற்காலிக்குப் போனார்.

"உயர்கணிதம் எடுத்தா எங்க வேணும்னாலும் போகலாம். மரவேலை எடுத்து எங்க போறது?" என்று கேட்டார் பெற்றோர், திரும்பி வந்து.

"உங்க ஆசையைப் பிள்ளை தலையில கட்டாதீங்க," என்று ஆலோசகர் எதிர்ப்பக்கம் போய், காலி நாற்காலியைக் கண்டித்தார்.

"நீங்க சுலபமா சொல்லிடுவீங்க சார். உங்க பொண்ணே மரவேலைக்குப் போனா, நாளைக்கு உங்க பேச்சை யாரு மதிப்பாங்க?"

இந்த வாதம் ஆலோசகரை அசைத்துவிட்டது. தம் கௌரவத்தில் ஒரு பெற்றோருக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்தும் போனார். மூன்று ஐம்பதுக்கு இரு தரப்பும் ஒருமனதாக மரவேலையை அடித்துவிட்டு உயர்கணிதம் என்று எழுதின. 'மாணவி முழு ஒத்துழைப்பு அளித்தார்' என்று குறிப்பில் ஏறியது. மாணவியிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"கையெழுத்து போடும்மா."

அவள் பேனாவை ஊன்றியதும் மேஜை ஆடியது. அவள் கையை எடுத்துவிட்டுப் படிவத்தின் அடிப்பகுதியைப் படித்தாள்.

"சார், என்கிட்ட காரணம் கேட்டதா டிக் இருக்கு. யாரு அடிச்சது?"

"அது அச்சகத்துலயே அடிச்சு வந்துரும்."

"காரணம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எழுதிக் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"குடுத்தேனே. போன மாசம், உங்க கையிலதான்."

வாங்கியது ஞாபகம் இருந்தது. வைத்த இடம்தான் ஞாபகம் இல்லை. அவர் இழுப்பறையைக் குடைந்தார், அலமாரியைக் குடைந்தார். அவள் எதையும் குடையவில்லை. தரையில் மண்டியிட்டு, மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் மடித்துச் செருகியிருந்த கற்றையை உருவினாள். மேஜை சாய்ந்தது. பேனா உருண்டு விழுந்தது. மேலே இருந்த தாளை அவள் விரித்து நீட்டினாள்.

'என் அப்பாவின் அறையில் மேஜை ஆடுகிறது. பல வருடங்களாகக் காகிதம் மடித்து வைக்கிறார். ஒரு காலைச் சரியாகச் செய்தால் போதும். அதற்காக எனக்கு மரவேலை வேண்டும்.'

ஆலோசகருக்கு வெட்கமாக இருந்தது. பெற்றோருக்கு அதைவிட வெட்கம். இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அவர் தலைகுனிந்துகொண்டார். உயர்கணிதத்தை அடித்தார். மேஜை உதவாததால் சுவரில் இருந்த அட்டையைக் கழற்றி மடியில் வைத்து, மரவேலை என்று எழுதி, இரண்டு கையெழுத்தையும் போட்டார்.

"தப்புதாம்மா. இனிமே சார் வேண்டாம், அப்பான்னே கூப்பிடு."

அவள் நிமிரவில்லை. கற்றையில் மீதியிருந்த பழைய வருடத்து ஆசைத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஏழு பேரோடது இருக்கு, சார். இவங்கல்லாம் இப்ப என்ன படிக்கிறாங்க?"