மீன் அண்டாவுக்கு வந்த ஆபத்து

அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருக்கும் அக்கா லவானுக்கு, மினசோட்டாவிலிருந்து தம்பி ஆர்விட் டாங்கன் எழுதிக்கொள்வது. நானும் ஜனெலும் நலம். அத்தானின் முழங்கால் தேவலையா?

சௌக்கியம் விசாரித்தாயிற்று, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை தேவாலயத்தில் நார்வே விருந்து. சோடாக் காரநீரில் ஊறிய லூட்டஃபிஸ்க் மீனை வேகவைக்கும் அண்டா இருபத்திரண்டு வருடமாக என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். வழக்கம்போல் கொள்ளுத்தாத்தாவின் வேதாகமத்தை மேஜையில் வைத்து, "நார்வேயிலிருந்து கப்பலில் வந்தது" என்று அட்டையும் எழுதி வைத்தேன். இந்த வருடம் பார்த்து, கல்லூரியில் படிக்க ஓஸ்லோவிலிருந்து வந்திருக்கும் இங்வில்ட் என்ற பெண்ணை யாரோ கூட்டிவந்துவிட்டார்கள். அவள் மீனை வேண்டாம் என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம், இவள் ஸ்வீடன்காரியாக இருப்பாளோ என்று. பிறகு வேதாகமத்தைப் புரட்டினாள்.

"இது ஜெர்மன் பைபிளாச்சே சார். இத்தனை வருஷமா யாருமே படிச்சுப் பாக்கலையா?" என்றாள்.

யார் படிப்பது? அந்தப் பழைய கொக்கி எழுத்தைப் பார்த்தாலே நார்வே என்றுதான் ஊரே நினைத்தது. எங்கள் நார்வே சங்கத் தலைவர் டுவேன் ஹோகன் காபியைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்பா ஆர்விட், அப்ப நீ யாருப்பா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். டுவேனே வேதாகமத்தை மாற்றி வைத்திருப்பாரோ என்று வீட்டுக்கு வந்து அலசினேன். இல்லை, உள்ளே அம்மாவின் ஊறுகாய்க் குறிப்பு அப்படியே இருக்கிறது. அதன்பிறகு எனக்கு அப்பா மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று மீனைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு ஜெர்மன்காரர்கள் தின்னும் புளித்த முட்டைக்கோஸை ஏன் சாப்பிட்டார்? ஜெர்மன்காரர்களை இங்கே எல்லாரும் விரட்டிய முதல் உலகப் போர் நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஏன் எழுந்து போனார்? ஜனெலிடம் புலம்பினால், "நேத்து இருந்த ஆளுதானே இன்னைக்கும் நீங்க? சாப்பிட வாங்க" என்கிறாள். அவள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் ஜெர்மன்காரர்கள், அவள் அப்படித்தான் சொல்வாள்.

அண்டாவை நார்வே வம்சத்தார் மட்டுமே தொடலாம் என்பது சங்க விதி. அதை எழுதியவனே நான்தான். புதன்கிழமை கூட்டத்தில் என்னைப் பொறுப்பிலிருந்து இறக்கப் போகிறார்கள். அந்த அண்டாப் பக்கம் நிற்காவிட்டால் இந்த ஊரில் நான் யார் அக்கா? வெறும் ஓய்வுபெற்ற தபால்காரன். எனக்கு அழுகையே வருகிறது. நீ மூத்தவள். நாம் நார்வேக்காரர்கள்தான் என்று சத்தியம் செய்து உடனே ஒரு கடிதம் போடு.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு, இப்போதைக்கு நார்வேக்காரனான தம்பி,
ஆர்விட்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டுவேன் வந்தார். கூட்டத்தை இன்றைக்கே நடத்திவிட்டார்களாம். "அசல் நார்வேக்காரன் யாராச்சும் அண்டாகிட்ட நிக்கிறீங்களான்னு கேட்டேன்பா. அந்த மீன் நாத்தத்துக்குப் பயந்து அவனவன் மோட்டுவளையைப் பாத்துட்டு உக்காந்திருந்தான். அந்த விதியையே எடுத்துட்டோம். நீயே நில்லு" என்றார். ஆகவே சத்தியக் கடிதம் வேண்டாம். அப்பாவைப் பற்றி உனக்கு ஏதோ தெரியும் என்றும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பதில் போட்டால், அங்கே வெயில் எத்தனை டிகிரி என்று மட்டும் எழுது.