கையைத் தூக்கினால் ஓரடி முன்னால்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். தாங்களும் குடும்பத்தாரும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதுவரை எழுதியது மரியாதைக்கு. இனி எழுதப்போவது முழுக்க வயிற்றெரிச்சல் என்பதால் உட்கார்ந்து படிக்கவும்.

என் மூத்த மகள் கால்பந்து ஆடிப் பிழைக்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அவளுடைய ஏழாவது பிறந்த நாளுக்கு நான் வண்ணப் பென்சில் பெட்டி வாங்கி வைத்திருந்தேன். தாங்கள் ஒரு பந்தோடு வந்து இறங்கினீர்கள். அந்தப் பென்சில்கள் இன்னும் சீவாமல் அப்படியே இருக்கின்றன. பந்து வந்து இருபத்து நாலு வருடம் ஆகிறது, நான் நிம்மதியாகத் தூங்கி எழுந்தும் அத்தனை வருடம் ஆகிறது. ஆகவே இதன் முழுப் பொறுப்பும் தங்களையே சாரும் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆடுவதுதான் ஆடுகிறாள், கோல் போடுகிற இடத்தில் நின்று ஆடக்கூடாதா? தடுப்பாட்டக்காரியாம். முடிவெட்டப் போனால் கடைக்காரர் என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, பொண்ணு எத்தனை கோல் போட்டுச்சு என்று கேட்கிறார். பதினோரு வருடத்தில் இரண்டு. அதிலும் ஒன்று எங்கள் கம்பத்துக்குள்ளேயே போட்டது. பத்திரிகையில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது அன்றைக்கு மட்டும்தான். எதிரணிக்காரி கோல் போடாமல் போனால் அது யாருக்கும் செய்தியில்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இவள் உத்தியோகம் என்று கத்திக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு எப்படி விளக்குவது? மூக்கு இரண்டு முறை உடைந்தாயிற்று, புருவத்தில் ஏழு தையல், முழங்காலோ மழை வருவதை வானிலை ஆசாமிகளுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் பட்டாணிப் பை இரண்டு இருக்கும், ஒன்று முழங்காலுக்கு, ஒன்று சமையலுக்கு. போன வாரம் உங்கள் அக்கா எதைச் சமைத்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெற்றவர்கள் ஆசையாகப் பெயர் வைத்திருக்க, மைதானத்தில் ஆயிரம் பேர் இவளைத் 'தாழ்ப்பாள், தாழ்ப்பாள்' என்று கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறாள்.

இதாவது போகட்டும். அந்த ஆஃப்சைடு வித்தை இருக்கிறதே, அது எங்கள் குடும்பத்தையே கெடுத்துவிட்டது. தடுப்பாட்டக்காரிகள் நாலு பேரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். எதிரணிக்காரி பந்துக்காகக் காத்திருக்கும்போது இவள் கையைத் தூக்குவாள். உடனே நாலு பேரும் ஒன்றாக ஓரடி முன்னால் வரவேண்டும். எதிரணிக்காரி மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக மாட்டிக்கொள்வாள், அது தப்பாட்டம் என்று ஆட்டம் நின்றுவிடும். இதைப் பள்ளியில் படிக்கும்போது வீட்டுக் கூடத்தில்தான் பழகினாள். ஆள் போதாது என்று என்னையும் உங்கள் அக்காவையும் இளையவனையும் வரிசையில் நிறுத்தினாள். வருடக்கணக்காகப் பழகியதில் எங்கள் கால்களுக்கு வேறு புத்தியே இல்லாமல் போய்விட்டது. இளையவன் கல்யாணத்தில் மேடையில் இரண்டு குடும்பமும் வரிசையாக நிற்க, படம் பிடிப்பவர் அசையாதீங்க என்றார். கூட்டத்தில் வந்த சிநேகிதியைப் பார்த்து இவள் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். நான், உங்கள் அக்கா, மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த இளையவன், மூவரும் ஓரடி முன்னால் வந்துவிட்டோம். மணப்பெண்ணும் அவளைப் பெற்றவர்களும் பின்னால் தனியே நிற்கிறார்கள். அந்தப் படத்தைச் சம்பந்தி வீட்டில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். போகும்போதெல்லாம் சம்பந்தி அதன் அடியில்தான் எனக்கு நாற்காலி போடுகிறார்.

போன மாத விவகாரமும் உன் காதுக்கு எட்டியிருக்கும். நான் மைதானத்துக்குப் போவதே உன் அக்காவுக்குக் குடை பிடிக்கத்தான். நேரம் போகக் குறுக்கெழுத்துப் போடலாம் என்று ஒரு பழைய நோட்டை எடுத்துப் போவேன், அவ்வளவுதான் எனக்கும் அந்த ஆட்டத்துக்கும் சம்பந்தம். அன்றைக்கு எதிரணியின் மூன்றாவது கோல் விழுந்தது. எங்கள் கோடு நேராகத்தான் இருந்தது, எதிரணிக்காரி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டுதான் நின்றாள், ஆனால் கோட்டோரம் நின்ற கொடிக்காரர் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கவில்லை. முப்பத்து நாலு வருடம் நில அளவையராக வேலை பார்த்தவன் நான். கண் முன்னால் நேர்கோட்டைக் கோணல் என்றால் பொறுக்குமா? இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்டேன். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருபது நிமிடமும் வாசல் காவலாளியோடு உட்கார்ந்திருந்தேன், அவரும் எத்தனை கோல் என்றுதான் கேட்டார். மானம் கப்பலேறிவிட்டது. ஆட்டம் முடிந்து வந்தவள், "அங்க கத்தறது என் வேலைப்பா" என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் மச்சான். கிளப்காரர்கள் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதே சமயம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை வேலைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பதில் சொல்லவேண்டும். எலும்பு டாக்டரைக் கேட்டால், பழைய வண்டியைப் பற்றி மெக்கானிக் சொல்வதைப் போல, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும், அப்புறம் உங்க இஷ்டம் என்கிறார். அவளோ ஒப்பந்தத் தாளை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டு, பத்து நாளாக அதைப் பற்றி மூச்சு விடாமல் இருக்கிறாள். நான் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். பந்தைக் கொடுத்தவன் நீ, நீயே வந்து வாங்கிக்கொண்டு போ. போதும், அவள் ஒரு நாளாவது நொண்டாமல் மாடிப்படி இறங்குவதை நான் பார்க்கவேண்டும்.

கோபத்தில் எந்த வரியிலிருந்து ஒருமைக்கு வந்தேன் என்று தெரியவில்லை. தாங்கள் பொறுத்துக்கொள்ளவும். குழந்தைகளுக்கு என் ஆசிகள். அவர்களுக்கு யாரும் பந்து வாங்கிக் கொடுக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் ஆத்திரமும் உள்ள அத்தான்

பின்குறிப்பு: மச்சான், மோசம் போய்விட்டேன். கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் பசை தேடப் போனேன். திரும்பி வந்தால் அவள் நின்றுகொண்டே கடைசி வரி வரை படித்து முடித்திருந்தாள்.

"சரிப்பா. நிறுத்திடறேன்" என்றாள்.

முப்பத்தொரு வருடத்தில் அவள் என்னிடம் சண்டை போடாமல் சரி என்றதே கிடையாது. யாரைக் கேட்டு நிறுத்துவாய் என்று கத்தினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மூணாவது கோல் என்னாலதாம்ப்பா. கையைத் தூக்கினேன், கால் வரல. அரை அடி பின்னாலயே நின்னுட்டேன். கொடிக்காரர் மேல தப்பில்ல" என்றாள். இத்தனை நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது இதுதான்.

வேறு வழியில்லாமல் பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்த நோட்டுகளைக் கொண்டுவந்து போட்டேன். ஒன்பது நோட்டு. குறுக்கெழுத்து என்று எழுதியது பொய், நீ உன் அக்காவிடம் சொல்லவேண்டாம், அவளுக்கு முன்பே தெரியுமாம். பதினோரு வருடம் இந்த ஊரில் நடந்த ஒவ்வொரு ஆட்டத்திலும் எங்கள் பெனால்டி கட்டத்துக்கு நேரே உட்கார்ந்து, அவள் கையைத் தூக்கிய ஒவ்வொரு தடவையும் நாலு பேரும் நின்ற இடத்தைப் புள்ளி வைத்துக் குறித்திருக்கிறேன். போன மாதப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். நாலு புள்ளியும் ஒரே கோட்டில் இருந்தன.

அவள் நம்பவில்லை. மகளுக்காகப் போட்ட புள்ளி என்று நினைத்திருப்பாள். பழைய பக்கங்களுக்குப் புரட்டினாள். வெகு நேரம் புரட்டினாள். ஓரிடத்தில் நின்றது விரல்.

"இங்க நான் பின்னால நின்னதையும் போட்டிருக்கீங்களே. இதோ, இங்கயும்."

"அளவுன்னா அளவுதாம்மா. மகளுக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு கிடையாது" என்றேன்.

மறுபடியும் போன மாதப் பக்கத்துக்கு வந்து, அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பேனா எங்கே என்று கேட்டாள்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்ததாக வைத்துக்கொள்ளவும். தாங்கள் யாரிடமும் பேச வரவேண்டாம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வேண்டுமானால் வரவும், எனக்குப் பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறேன். குடையை நீங்கள் பிடித்தால் புள்ளி வைக்க எனக்கு இரண்டு கையும் காலியாக இருக்கும். இதை எழுதும்போதுதான் அவள் எழுந்து, அலமாரி மேல் கிடந்த ஒப்பந்தத் தாளை எடுக்கக் கையைத் தூக்கினாள். அடுப்படியில் உங்கள் அக்காவும், மேஜையை விட்டு நானும், ஓரடி முன்னால் வந்து நிற்கிறோம்.