ஒசாகா அண்ணைக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள்

எண்பதுகளில் மொன்றியலுக்கு அகதியாக வந்து இறங்கிய தமிழர்களில், ஒரு நல்ல மனிதனின் பொறுமையைக் காலைத் தேநீர் ஆறுவதற்குள் முழுதாகத் தின்று தீர்க்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் என்னுடைய அறையில் இருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். நாங்கள் கூப்பிட்டது ஒசாகா அண்ணை. ஊர் திருகோணமலை. கப்பலில் சமையல்காரராக வேலை பார்த்தவர். அந்தக் கப்பல் ஜப்பானில் ஒசாகாத் துறைமுகத்தில் கொஞ்சக் காலம் நின்றிருந்தது. அவ்வளவுதான் விஷயம். அந்தக் கொஞ்சக் காலத்தை வைத்துக்கொண்டு அவர் எங்களை ஆட்டிவைத்தது சொல்லிமாளாது.

மொன்றியலின் வில்லரேப் பகுதியில், வெளிப்பக்கமாக வளைந்து ஏறும் இரும்புப் படிகள் வைத்த ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். யாழ்ப்பாணத்தானான நான், மன்னாரிலிருந்து வந்த சில்வெஸ்டர், அடுத்தது இவர். சில்வெஸ்டர் பரம சாது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். அப்படிப்பட்டவனே ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று கத்தினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அவர் அதை ஒசாகாவில் கொண்டுபோய் இறக்குவார். இறக்கினால் அங்கே நான்கு பெரிய மனிதர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

"ஒசாகாவிலை நிஷிதா எண்டு ஒருத்தர். பெரிய ஆள், தம்பி. அவர் நடந்து வந்தா றோட்டிலை எல்லாரும் விலகி வழி விடுவினம்."

"மொரி பாடத் தொடங்கினா சனம் வீட்டுக்குள்ளை இருக்காது. குஞ்சு குருமான் எல்லாம் செருப்பும் போடாமல் ஓடிவரும்."

"தனாபே கையைத் தூக்கினா மந்திரியின்ரை காரும் நிக்கும்."

"மட்சு அம்மா! ஒசாகாவிலை ஆம்பிளையள் எல்லாம் அவவுக்கு முன்னாலை வரிசையிலை நிப்பினம். அவ 'உனக்கு இல்லை' எண்டு சொன்னா அவ்வளவுதான். தலையைக் குனிஞ்சுகொண்டு போகவேண்டியதுதான்."

நிஷிதா சுமோ மல்யுத்த வீரர், மொரி சினிமாப் பாடகர், தனாபே பொலிஸ் மாஅதிபர், மட்சு அம்மா அரசியல்வாதி என்று நாங்களே எங்களுக்குள் பதவிகளைப் பிரித்துக் கொடுத்திருந்தோம். இப்பேர்ப்பட்டவர்களுக்கு ஒரு கப்பல் சமையல்காரரோடு என்ன பழக்கம் என்று கேட்டால், "பழக்கம் எண்டால் பழக்கம்தான்" என்பார்.

எங்களுடைய முதல் பனிக்காலத்தில் அந்த இரும்புப் படியில் சறுக்கி நான் மேலிருந்து கீழ்வரை உருண்டேன். கால் மடங்கிக் கீழே கிடக்கிறேன். படியின் உச்சியில் ஒசாகா அண்ணை வந்து நின்றார்.

"தம்பி, விழுந்தா உடனை எழும்பக்கூடாது. நிஷிதாவும் ஒருக்கா இப்பிடித்தான்..."

"அண்ணை, இறங்கிவந்து கையைத் தாங்கோ!"

"பொறு, கதை முடியேல்லை."

கீழ்வீட்டு மதாம்தான் ஓடிவந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். அந்தப் பிரெஞ்சுக்காரிக்கும் நிஷிதா விழுந்த கதையின் மிச்சம் சொல்லப்பட்டது. தமிழில்.

குனிந்து வணக்கம் சொல்வது அவரிடம் ஒரு வியாதி. மூலையில் இருந்த டெப்பனோர் என்ற சின்னக் கடைக்குப் பால் வாங்கப் போனால் கடைக்காரக் கிழவருக்கு இடுப்புவரை குனிவார். கிழவர் மரியாதை தெரிந்தவர், பதிலுக்குக் குனிவார். அவர் குனிந்துவிட்டாரே என்று இவர் இன்னும் கொஞ்சம் குனிவார். கதவு திறந்தபடி, பின்னால் பனிக்குள் வரிசை நீளும். குளிரில் விறைத்த ஜனங்கள் என்னைத்தான் முறைப்பார்கள். நான் ரொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இதெல்லாம் பரவாயில்லை. சில்வெஸ்டர் ஒருநாள் இரக்கப்பட்டு அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பூசையில் எல்லோரும் முழந்தாளிட்டு, இருமல்கூட அடங்கிப்போயிருந்த நேரத்தில், இவர் மாதா சொரூபத்துக்கு முன்னால் போய் இரண்டு தரம் குனிந்தார். பிறகு 'படார், படார்' என்று கையைத் தட்டினார். முன்வரிசையில் ஒரு கிழவி செபமாலையைக் கீழே போட்டுவிட்டார். சுவாமியார் வாசித்த வரியைத் தொலைத்துவிட்டு மறுபடி தேடினார்.

வீட்டுக்கு வந்ததும் சில்வெஸ்டர் பாய்ந்தான். "என்ன அண்ணை வேலை செய்தனீங்கள்?"

"ஒசாகாவிலை அப்பிடித்தான். சாமியை எழுப்பிப்போட்டெல்லோ கும்பிட வேணும்?"

"எங்கடை மாதா நித்திரை கொள்ளுறேல்லை!"

அதற்குப் பிறகு சில்வெஸ்டர் ஒரு கிழமை அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. பேசுகிற வேலையை அவரே பார்த்துக்கொண்டதால் எங்கள் பங்கு குறைந்தது அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் நானும் சில்வெஸ்டரும் ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த மனிதர் ஒசாகாவைக் கண்ணாலும் கண்டதில்லை. திருகோணமலையில் ஏதோ ஒரு சலூனில் ஜப்பான் கலண்டர் தொங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சோதித்தும் பார்த்தோம்.

"அண்ணை, ஜப்பான் பாஷையிலை ரெண்டு சொல்லுக் கதையுங்கோ பாப்பம்."

"பாஷை எண்டால் கதைக்க எதிரிலை ஆள் வேணும். சுவரோடையே கதைக்கிறது?"

இதுவரை எங்களோடு அவர் கதைத்ததெல்லாம் வேறென்னவாம் என்று சில்வெஸ்டர் முணுமுணுத்தான்.

நாங்கள் மூவரும் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் போடும் கையுறை தைக்கிற இடம். சில்வெஸ்டர் மெஷினில், நான் தள்ளுவண்டியில் துணி கொண்டுபோகிறவன், ஒசாகா அண்ணை பெட்டி கட்டுகிறவர். அந்தப் பனிக்காலம் வியாபாரம் படுத்துவிட்டது. புதிய ஓடர் கிடைக்காவிட்டால் கடைசியாகச் சேர்ந்தவர்களை நிறுத்துவார்கள் என்று கதை அடிபட்டது. கடைசியாகச் சேர்ந்தவர்கள் நாங்கள்தான். என் மனைவி அப்போது கைக்குழந்தையோடு கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். கையில் ஒரு நிரந்தர வேலை இருந்தால்தான் அவளை இங்கே கூப்பிடலாம். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கையுறை வாங்க ஜப்பானிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. ஜப்பானில் எங்கே? கேட்கவும் வேண்டுமா? ஒசாகா.

அவர்கள் வருகிற அன்று பெரும் பனிப்புயல். பொஸ் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் ரொறன்ரோவில் மாட்டிக்கொண்டார். ஃபோர்மன் முகம் வெளுத்துப்போய் மெஷின்களுக்கு நடுவில் நின்று, இங்கே யாருக்காவது ஜப்பான் பாஷை தெரியுமா என்று கேட்டார். தொழிற்சாலை முழுவதும், கிரேக்கர், போர்த்துக்கீசர், ஹெயிட்டிக்காரர் உட்பட அத்தனை பேரும், ஒரே திசையில் விரலை நீட்டினார்கள். ஒசாகா அண்ணை அவர்களையும் விட்டுவைத்திருக்கவில்லை.

நான் ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தேன். "அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், போகாதேங்கோ. உங்கடை விளையாட்டாலை என்ரை பெண்சாதி பிள்ளை அங்கை கிடக்கப் போகுதுகள்."

"பயப்பிடாதை தம்பி. ஒசாகாக்காரர் நல்லவை."

ஃபோர்மன் தன்னுடைய டையைக் கழற்றி அவருக்குக் கட்டிவிட்டார்.

வந்தவர்கள் மூன்று பேர். தலைவர் வயதானவர், மெலிந்தவர், வந்ததிலிருந்து ஒருதரமும் சிரிக்காதவர். நான் ஒரு வண்டி துணியைத் தள்ளிக்கொண்டு, போக ஒரு இடமும் இல்லாமல், அவர்களுக்குக் கிட்டவே சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஒசாகா அண்ணை குனிந்தார். நிமிர்ந்தார். பெரிய குரலில், "மோக்கரிமக்கா?" என்றார்.

கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னார்:

"போச்சி, போச்சி."

நான் வண்டியைச் சில்வெஸ்டர் பக்கம் தள்ளிக்கொண்டு ஓடினேன். தையல் மெஷினில் இருந்த அவன் சிலுவை போட்டுக்கொண்டான். "எல்லாம் போச்சாமடா," என்றேன். "ரெண்டு தரம் சொல்லிப்போட்டான்."

அடுத்த நொடி அந்தக் கிழவர் வெடித்துச் சிரித்தார். சும்மா சிரிப்பல்ல, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற சிரிப்பு. கூட வந்தவர்களில் இளையவருக்கு ஆங்கிலம் தெரியும். அவர் பொஸ்ஸுக்கு விளக்கிக்கொண்டிருந்தது என் காதிலும் விழுந்தது. ஒசாகா வியாபாரிகளின் பழைய வணக்கம் அது. 'லாபம் வருகுதா?' என்று ஒருவர் கேட்பார், 'ஏதோ மெல்ல மெல்ல' என்று மற்றவர் சொல்லுவார். அந்த 'மெல்ல மெல்ல'தான் 'போச்சி, போச்சி'. அதோடு, இவ்வளவு பெரிய மீசை வைத்த இந்த மனிதர் துறைமுகத்தில் கடை வைத்திருக்கும் பாட்டிமார் பேசுவதுபோல் பேசுகிறார், அதுதான் எங்கள் தலைவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை என்றார்.

ஆக, மனிதர் ஒசாகாவுக்குப் போனது உண்மை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் ஒசாகா அண்ணை கையுறைப் பக்கமே திரும்பாமல் கிழவரிடம் ஏதோ கேட்கத் தொடங்கிவிட்டார். நிஷிதா, மொரி, தனாபே என்று பெயர்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன. ஒவ்வொரு பெயருக்கும் கிழவர் யோசித்துத் தலையை ஆட்டினார். தெரியாது. தெரியாது.

"என்ன கேட்கிறார்?" என்று பொஸ் பதறினார்.

இளையவர் ஆங்கிலத்தில் சொன்னார். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற ஒரு பருத்த மனிதரை விசாரிக்கிறார். தெருவில் பாட்டுப் பாடிச் சுட்ட கிழங்கு விற்கிறவரை விசாரிக்கிறார். ரயில் கடவையில் கேற் சாத்துகிறவரை விசாரிக்கிறார். தள்ளுவண்டியில் நூடில்ஸ் அவித்து விற்கும் ஒரு அம்மாவையும் விசாரிக்கிறார்.

"கிழங்கு?" என்றார் பொஸ். அவர் என்னைப் பார்த்தார். நான் என் வண்டியைப் பார்த்தேன்.

அந்த மனிதர் ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை. நிஷிதா பெரிய ஆள்தான். மொரி பாடினால் பிள்ளைகள் கிழங்குக்கு ஓடிவரத்தான் செய்யும். கேற் சாத்தினால் மந்திரியின் காரும் நிற்கத்தான் வேண்டும். மட்சு அம்மாவின் சட்டி காலியானால் வரிசையில் நிற்கிறவன் தலையைக் குனிந்துகொண்டுதான் போகவேண்டும். இவ்வளவு காலமும் இதற்காகவா என் உயிரை வாங்கினார் என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியை அவருடைய காலில் ஏற்றியிருப்பேன்.

மொரியைத் தெரியாதென்ற கிழவர் கிழங்கு விற்கிற கூவலை மட்டும் மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஒசாகா அண்ணை சேர்ந்துகொண்டார். டை கட்டிய இரண்டு பேர் கையுறைத் தொழிற்சாலையின் நடுவில் நின்று கிழங்கு விற்றார்கள். பொஸ் நாற்காலி தேடி உட்கார்ந்தார்.

பிறகு கிழவர் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். சொல்லும்போது உள்ளங்கையால் மேசையைத் துடைப்பதுபோல் காற்றில் ஒரு இழுப்பு இழுத்தார். ஒசாகா அண்ணை அந்தக் கையையே பார்த்தார். குனிந்தார். ஒரு கையுறையைக் கையில் எடுத்து, வேலையைத் தொடங்கினார். அன்று மத்தியானம்வரை கையுறையைத் தவிர வேறொன்றும் அவர் வாயில் வரவில்லை.

ஓடர் கிடைத்தது. பெரியதல்ல, ஆனால் எங்களை நிறுத்தாமல் வைத்திருக்கப் போதுமானது. அது அவருடைய பாட்டி பாஷையாலா, பொஸ் விலையைக் குறைத்ததாலா என்று சில்வெஸ்டரும் நானும் இன்றைக்கும் அடிபடுவோம். என் மனைவியும் பிள்ளையும் வந்து சேர்ந்தது அந்த வேலையில் நான் இருந்தபோதுதான்.

ஆனால் வீட்டில் புதிய கரைச்சல் தொடங்கியது. ஒசாகா அண்ணை பேச்சை நிறுத்திவிட்டார். சோறு அடிப்பிடித்தால், "பரவாயில்லை" என்று சாப்பிட்டார். ரீ.வி.யில் ஜப்பானைக் காட்டியபோது எழும்பிப்போய் வேறு சனல் போட்டார். சில்வெஸ்டர் வேண்டுமென்றே, "சுமோக்காரர் எல்லாம் சும்மா கொழுப்புத்தான், பலம் இல்லை" என்று தூண்டில் போட்டான். "ஓம்" என்றார். அந்த 'ஓம்' எங்களை நடுங்கவைத்தது. அவர் பேசியதைத் தாங்கலாம், இந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் மனிதனை வருத்துகிற வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். இவ்வளவு காலத்தில் நான் ஒருதரமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"அண்ணை, உங்கடை கப்பல் ஏன் அங்கை அவ்வளவு நாள் நிண்டது?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "முதலாளி கைவிட்டிட்டான் தம்பி. கப்பலையும் விட்டிட்டான், எங்களையும் விட்டிட்டான். சாப்பாடு முடிஞ்சுது. எனக்குக் காய்ச்சல். மட்சு அம்மா தினமும் சட்டியிலை கடைசி அகப்பையை எனக்கெண்டு எடுத்து வைப்பா. ஒருநாள் நான் நினைவில்லாமல் போயிட்டன். நிஷிதாதான் முதுகிலை தூக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினவர். மொரி பக்கத்திலை இருந்து பாடினவராம். எனக்குக் கேக்கேல்லை."

சில்வெஸ்டர் ரீ.வி.யை நிறுத்தினான்.

"அண்டைக்கு அந்த ஐயா என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"அந்தத் தெருவையே இடிச்சுப் பெரிய றோட்டுப் போட்டிட்டினமாம். ஆக்கள் எங்கை போச்சினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். பேப்பரிலை பேர் வாற ஆக்கள் எண்டால் விசாரிச்சுப் பிடிக்கலாம்."

அதோடு நிறுத்திவிட்டார். குழம்பில் ஆடை படிந்தது. ஒருவரும் எழும்பவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மூவருக்கும் போவதற்கு வேறு இடமும் இல்லை.

நான் அவருடைய தட்டில் இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தேன்.

"பேந்து என்ன நடந்தது, அண்ணை?"