பல் டாக்டரின் பனிநாய் களம் புகுந்த காதை

நாற்பத்தெட்டுக் கிலோ எடையும், நடந்தால் கீழ்வீட்டார் மேலே பார்க்கும் நான்கு பெருந்தாள்களும், முதுகின்மேல் சுருண்டு கவிந்த வெண்சாமர வாலும், கண்களைச் சுற்றிய கருமுகமூடியும், நெஞ்சில் பொங்கி வழிந்த வெண்மயிரும் படைத்து, பனிப்பாலையில் பாரவண்டி இழுத்த பெருங்குலத்தில் உதித்து, விதிவசத்தால் இரண்டாம் மாடியில் மூன்றறை வீடொன்றில், குளிர்பதனப் பெட்டியின் கதவோரம் அரசு வீற்றிருந்த குட்டி என்னும் திருநாமம் கொண்ட நாய்வேந்தே, உன்னை முதற்கண் வணங்கி உன் வீரம் பாடப் புகுகிறேன். பிழையிருந்தால் கடிக்காமல் பொறுத்தருள்க. அட்டைப்பெட்டிக்குள் அடங்கிய பருவத்தில் உனக்குக் குட்டி என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் யாருக்கும் மாற்றத் தோன்றவில்லை.

கம்பிப்பல் வரிசை காட்டும் சீப்பே, நீயும் துணை வா. ஆண்டுக்கு இருமுறை அவ்வேந்தன் உதிர்த்த மயிர்மாரியை உன்னையன்றி அறிந்தவர் யார்? தலையணையில் முடி, தயிரில் முடி, துவைத்து மடித்த வெள்ளைக் கோட்டில் முடி. கடைவாய்ப் பல் பிடுங்க வந்த ஒரு வங்கி மேலாளரின் வாயிலிருந்து பல்லுக்கு முன்னால் முடிதான் வெளியே வந்தது. அவர் அதன்பின் வேறு டாக்டரிடம் போகிறார்.

அவ்வேந்தனை வளர்த்தவர் ஆயிரமாயிரம் கடைவாய்ப் பற்களை வேரோடு வென்ற, ஊசிமுனை பிடித்தும் கை நடுங்காத, மனைவி கூப்பிட்டால் மட்டும் நடுங்குகிற பல் டாக்டர். அவருடைய மருத்துவமனையின் முன்மேசையில் அமர்ந்து ஆட்சி செய்தவள் அவருடைய மனைவி. "அடுத்தவங்க வாங்க" என்று அவள் குரல் எழுந்தால் உள்ளே நாற்காலியில் கிடப்பவர் வாய் மரத்திருந்தாலும் எழுந்தாக வேண்டும். வெளியே காத்திருப்பவர் வயிறு கலங்கினாலும் உள்ளே போயாக வேண்டும். இருபது ஆண்டுகளில் அக்குரலை மீறியவர் எவருமில்லை.

இனி, சொல்லவும் கூசும் பழங்கதை ஒன்று உண்டு. நாய்க்கண்காட்சியில் குட்டி முன்பே இருமுறை களம் கண்டு, இருமுறையும் தோற்றது. யாரிடம் என்று கேட்பீர்கள். யாரிடமும் இல்லை. அந்த ஊரில் அக்குலத்து நாய் வேறு இல்லாததால் அந்தப் பிரிவில் அது ஒன்றே போட்டியாளன். வந்து, நடந்து, நின்று, பல்லைக் காட்டினால் முதற்பரிசு நாடாவைக் கழுத்தில் கட்டி அனுப்பிவிடுவார்கள். முதலாண்டு அது நடுவரின் மேசைக்கடியில் நிழல் கண்டு உறங்கிவிட்டது. இரண்டாமாண்டு களத்துக்கு அப்பால் ஐஸ்கிரீம் வண்டியைக் கண்டு, தன் குலத்தின் இழுவிசையெல்லாம் திரட்டி, டாக்டரை மூன்று களங்களின் ஊடே இழுத்துச் சென்றது. அவருடைய இடக்கால் செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. இருமுறையும் நடுவர் ஏட்டில் 'தகுதியில்லை' என்று எழுதினார். எதிரியே இல்லாத போரில் இருமுறை புறங்கொடுத்த வீரனை எந்தப் புலவரும் பாடியதில்லை. நானும் வேறு வேலை இல்லாததால்தான் பாடுகிறேன்.

ஆகவே மூன்றாம் போருக்கு நாள் குறித்த அன்று, சோபாவின் அடியில் முடியைப் பெருக்கிக்கொண்டிருந்த இல்லத்தரசி துடைப்பத்தை ஊன்றி நின்று தன் ஆணையை அறிவித்தாள்.

"ஏங்க, இதுதான் கடைசி. இந்தத் தடவையும் வெறுங்கையோட வந்தீங்கன்னா, குட்டி எங்க அண்ணனோட கோழிப்பண்ணைக்குப் போயிடும். காவலுக்கு நாய் வேணும்னு அவனும் ஒரு வருஷமா கேட்டுட்டிருக்கான். என்னால இனிமே முடி பொறுக்க முடியாது."

டாக்டர் சோபாவிலிருந்து ஒரு முடியைப் பொறுக்கினார். தகரக் கூரையின் கீழ் ஐயாயிரம் கோழிகளின் நடுவே தன் குட்டி நாக்குத் தள்ளி நிற்பதை நினைத்தார்.

அந்நாள் தொடங்கி நாற்பது நாள் தவம் செய்தார். நடையை மாடிப்படியிலும், அசையாத நிலையை மொட்டைமாடியிலும் பயிற்றுவித்தார். பல் காட்டுவதோ அவருடைய சொந்தத் துறை. அதில் பிறர் யோசனை கேட்பது இழுக்கு என்று கருதினார். நாள்தோறும் மதிய இடைவேளையில் மருத்துவமனையின் பின்வாசல் வழியே குட்டியை உள்ளே கொணர்ந்து, சாயும் நாற்காலியில் ஏற்றி, மல்லாக்கக் கிடத்தி, தாடையைத் தொட்டார். தொட்டதும் மல்லாந்து வாய் திறக்கக் குட்டி மூன்றே நாளில் கற்றது. டாக்டர் விளக்கைத் திருப்பி நாற்பத்திரண்டு பற்களையும் எண்ணி முடிப்பார். இடைவேளை முடிந்து முன்மேசையிலிருந்து "அடுத்தவங்க வாங்க" என்ற குரல் எழும். உடனே வேந்தன் குதித்திறங்கிப் பின்வாசல் வழியே வெளியேறும். இதைவிடச் செம்மையாகப் பல் காட்டும் நாய் உலகிலேயே இல்லை என்று டாக்டர் நம்பினார். நாய் நின்றபடியே பல் காட்ட வேண்டும் என்பது விதிப்புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் இருந்தது. அவர் ஐந்தாம் பக்கம்வரை படித்திருந்தார். ஆறாம் பக்கத்தைக் குட்டி தின்றிருந்தது.

விடிந்தது போர்நாள். இரண்டு புட்டி ஷாம்பு நுரைத்து, மூன்று துண்டுகள் நனைந்து, தலை உலர்த்தும் கருவி புகைந்து ஓய்ந்தபின், மேகமொன்று கால்முளைத்து வந்ததுபோல் குட்டி களம் புகுந்தது. விளையாட்டு மைதானத்தில் கயிறு கட்டிச் சதுரம் வகுத்திருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே கைப்பையை மார்போடு அணைத்து நின்றாள் இல்லத்தரசி. தோல்வியை நேரில் பார்த்துவிட்டு அங்கிருந்தே அண்ணனுக்குச் செய்தி சொல்லும் எண்ணம் அவளுக்கு. நுழைவாயிலில் அடுத்த பிரிவுக்குரிய குறுநாய்கள் பதினொன்று, நாடா கட்டிய தலைகளோடு, தம் உரிமையாளர்களின் காலைச் சுற்றிக் கொக்கரித்து நின்றன.

குட்டி நடந்தது. அடடா, என்ன நடை. கயிறு தளர்ந்து தொங்க, வால் கவிந்து அசைய, ஒருமுறை சுற்றி, மறுமுறையும் சுற்றி, நடுவர் முன் நான்கு தூண்களாய் நின்றது. மேசைக்கடியில் நிழல் இருந்தது, அது பார்க்கவில்லை. டாக்டரின் கண் கலங்கியது. ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவராகிய நடுவர் அம்மாள், சிரித்தறியாதவர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்வந்தார்.

"பல்லைப் பாக்கணும்" என்று தாடையைத் தொட்டார்.

மலை சாய்ந்தது. நாற்பத்தெட்டுக் கிலோவும் மல்லாந்து, நாற்காலும் வானோக்கி, வாய் குகையெனத் திறந்து, நாக்கு ஒருபுறம் சரியக் கிடந்தது வேந்தன். அந்தோ, அதைக் கண்ட டாக்டரின் கைகளும் இருபதாண்டுப் பழக்கத்துக்கு அடிமைகள். அவர் தம்மை மறந்து குனிந்து, சட்டைப்பையிலிருந்து சிறு கண்ணாடியை எடுத்து, "இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்க. வலிச்சா கையத் தூக்குங்க" என்றார்.

குட்டி வலக்கையைத் தூக்கியது.

கூட்டம் சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. "டாக்டர், நின்னுக்கிட்டுத்தான் காட்டணும். ஒரு நிமிஷம் தரேன், எழுப்புங்க" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த ஒரு நிமிடத்தில் டாக்டர் செய்யாத போர் இல்லை. கெஞ்சினார், கொஞ்சினார், அவித்த முட்டையைக் காட்டினார், அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தாமும் கூடவே விழுந்தார். அவர் தொடத் தொட வாய் மேலும் அகலமாகத் திறந்ததே தவிர, உடல் ஒரு விரற்கடையும் எழவில்லை. சரியாகப் பயின்ற மாணவன் அப்படித்தான் இருப்பான்.

என்ன சொன்னால் அது எழும் என்று அம்மைதானத்தில் அறிந்தவள், தன் குரலுக்கு அது பின்வாசல் வழியே ஓடுவதை நாற்பது நாளும் முன்மேசையிலிருந்து பார்த்தும் பாராததுபோல் இருந்த ஒருத்தியே. அவள் எல்லைக்கயிற்றைப் பிடித்து வாய்மூடி நின்றாள். மூடியிருந்தால் போதும். நாளை முதல் சோபா சோபாவாக இருக்கும், தயிர் தயிராக இருக்கும். இருபது நொடி போயிற்று. ஆனால் பண்ணையில் இது யாருக்கு வாய் திறந்து காட்டும்? அண்ணன் தன் பல்லையே ஒழுங்காகத் தேய்க்காதவன். நாற்பது நொடி போயிற்று. குட்டி கிடந்தவாறே தலையைத் திருப்பி, திறந்த வாய் திறந்தபடி, அவளைப் பார்த்தது. அந்த நாயின்மேல் தனக்கு இத்தனை ஆசை இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது; தெரிந்ததும் கோபம் வந்தது.

"அடுத்தவங்க வாங்க."

முரசம் அதிர்ந்தது போன்ற அக்குரல் கேட்டுக் குட்டி துள்ளி எழுந்தது. கண்காட்சிக்காரர்கள்தாம் அழைக்கிறார்கள் என்றெண்ணி, நுழைவாயிலில் நின்ற பதினோரு குறுநாய்களும் பதினோரு உரிமையாளர்களும் களத்துக்குள் பாய்ந்தார்கள். கயிற்றோடு கயிறு பின்னியது. பின்னிய கயிறெல்லாம் குட்டியின் கழுத்துப்பட்டையில் சிக்கியது. பழகியபடி வெளியேற வேண்டிய வேந்தனோ பின்வாசலைக் காணாமல், குரல் வந்த திக்கே வாசல் என்று துணிந்து இழுத்தது. பனியும் வண்டியும் கண்டறியாத அம்மாவீரன் அன்றுதான் தன் குலத்தொழில் புரிந்தது: டாக்டரை இழுத்தது, பதினோரு நாய்களை இழுத்தது, கயிற்றை விடாத ஏழு உரிமையாளர்களை இழுத்தது, நடுவரின் மேசையை ஏடும் தண்ணீர்ப் புட்டியுமாக இழுத்தது, எல்லைக்கயிற்றை முளையோடு பிடுங்கிக்கொண்டு போய், இல்லத்தரசியின் காலடியில் அத்தனையையும் குவித்துவிட்டு நிமிர்ந்து நின்றது.

நின்றபடியே பல்லையும் காட்டியது. அதைப் பார்க்க நடுவர் அங்கில்லை. தம் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். தேடி எடுத்து, மாட்டி, ஏட்டைப் புரட்டி, தீர்ப்பை முழங்கினார்.

"இந்தப் பிரிவுல இந்த வருஷமும் யாரும் ஜெயிக்கல."

ஆண்டு மூன்றும் பரிசு மறுத்தும், களம் மூன்றும் கைவிட்டும், மயிர்மாரி பொழிந்து, வால் கவிந்து, நான்கு தாளும் ஊன்றி நின்ற நாய்வேந்தைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள் இல்லத்தரசி; மண்ணில் கிடந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்த கணவனையும் பார்த்தாள்; பின், விதியின் ஓலையை விரிப்பவள்போல் கைப்பையைத் திறந்தாள்.

அண்ணனுக்கு போன் போட்டு, பண்ணைக்கு வேற நாய் பாத்துக்கச் சொன்னாள்.