ஒருவருக்கும் சொல்லாத கடிகாரம்

கோப்பாய் தெற்கு,
ஞாயிற்றுக்கிழமை.

என்றும் மதிப்புக்குரிய ஜெயரூபன் மாமாவுக்கு,

மருமகள் சாருஜா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். கடிதங்களில் வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் அல்ல இது. வைத்தியர் பார்த்து, பரிசோதித்து, சிரித்து அனுப்பிவைத்த சுகம். அந்தக் கனடாக் குளிரில் நீங்களும் மாமியும் யதுசனும் இதே அளவு சுகத்தோடு இருக்க நல்லூரான் துணை நிற்கட்டும்.

ஓடுகிறவர்களுக்கான கருவி ஒன்றை வாங்கி, திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் கொடுத்து விடுவதாகப் போனில் சொன்னீர்கள். இதயத் துடிப்பும் தூரமும் காட்டுகிற கருவி, கையில் கட்டுவதா நெஞ்சில் கட்டுவதா, கெதியாகச் சொல் என்றீர்கள். "யோசிச்சுச் சொல்லுறன் மாமா" என்று மட்டும் நான் முணுமுணுத்ததற்குக் காரணம், உங்கள் அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு, சாப்பாட்டு மேசையின் நடுவில் மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்ததுதான். எங்கள் வீட்டில் இன்னும் ஸ்பீக்கரில் போட முடியாத ஒரே பொருள் கடிதம். அதனால் எழுதுகிறேன்.

நான் காலையில் ஓடுவது உங்களுக்குத் தெரியும். ஏன் ஓடுகிறேன் என்பதை ஒருவருக்கும் சொன்னதில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்காத ஒரு நேரம் நாளில் எனக்கு வேண்டியிருக்கிறது, அது விடியற்காலையில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே போகிற வீதியில் மட்டும்தான் கிடைக்கிறது. புரட்டாதியில் யாழ்ப்பாணத்தில் நடக்கிற பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். இதற்கெல்லாம் அம்மா தந்திருக்கிற அனுமதி ஒற்றை வரியில் இருக்கிறது: "ஊர் கதைக்காத மட்டும் ஓடு." ஊர் கதைக்கத் தொடங்கினால் ஓட்டமும் இல்லை, அந்த நேரமும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள் மாமா.

நூலகத்தில் வேலை செய்கிறவளுக்கு இரவல்மேல் ஒரு நம்பிக்கை உண்டு. நீங்கள் செலவழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் இரவல் வாங்கிப் பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். முதலில், என்னோடு வேலை செய்கிற உதயகலாவின் கைப்பட்டியை வாங்கிக் கட்டினேன். மெல்லிய கறுப்புப் பட்டி, பார்க்க அடக்கமாக இருந்தது. ஆனால் அது கால் ஓடுவதைக் கணக்கெடுப்பதில்லை, கை ஆடுவதைத்தான் கணக்கெடுக்கிறது என்பது ஓடியபோது தெரியவில்லை, சமைத்தபோதுதான் தெரிந்தது. திருவலையில் இருந்து ஒரு முழுத் தேங்காயைத் திருவி முடித்தேன், பட்டி மணிக்கட்டில் அதிர்ந்து, இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள் என்று பாராட்டியது. அடுத்த நாள் தோட்டப் பக்கம் நெடுகிலும் ஓடி, மூச்சு வாங்க வந்து நின்றபோது, இன்று கொஞ்சம் எழும்பி நடக்கலாமே என்று புத்தி சொன்னது. உதயகலாவிடம் சொன்னேன். "அதுதானடி நான் சம்பல் அரைக்கிற நாளிலை மட்டும் கட்டுறனான்" என்றாள்.

பட்டி சரிவராததால் கைத்தொலைபேசியில் ஒரு செயலியைப் பதிவிறக்கினேன். வானத்தில் சுற்றுகிற செய்மதியைப் பார்த்துத் தூரம் சொல்லும், பிழை விடாது என்றார்கள். உண்மையில் பிழை விடவில்லை, அதுதான் பிரச்சினை. முதலாவது கிலோமீற்றர் முடிகிற இடம் பிள்ளையார் கோயில் வாசல். பூசை மணி ஓய்ந்து, எல்லாரும் கண்ணை மூடியிருந்த அந்த அமைதியில் என் இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரி உரத்த குரலில் ஆங்கிலத்தில் என் வேகத்தை அறிவித்தாள். அன்று பின்னேரமே பக்கத்து வீட்டுப் பத்மாசினி அன்ரி வேலியடியில் வந்து நின்று, "உங்கடை பிள்ளை விடியக்காத்தாலை இங்கிலீசிலை ஆரோடையோ கதைச்சுக்கொண்டெல்லோ ஓடுறாள்" என்று அம்மாவிடம் விசாரித்தார்.

அந்த வெள்ளைக்காரியை வாயடைக்கச் செய்தேன். ஆனால் செயலி என்னைக் கேட்காமலே நான் ஓடிய பாதையைப் படமாக வரைந்து, தெரிந்தவர்கள் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. உங்கள் மகன் யதுசனுக்கு அது தெரிந்தது. அவன் அந்தப் படத்தை எடுத்து நம் குடும்ப வட்சப் குழுவில் போட்டு, "மச்சாள், ஏன் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்திலை சிக்கு விழுந்திருக்கு?" என்று கேட்டான். சிக்கு விழுந்த இடம் முத்துக்குமாரு அவர்களின் வீட்டு வாசல் படலை. அவருக்குக் கலியாணம் ஆகாத ஒரு மகனும், மறித்து நின்று குரைக்கிற ஒரு நாயும் உண்டு. நாய்க்கு அலுக்கும்வரை நான் அதில் நின்று காத்திருப்பது வழக்கம். குழுவில் பெரியம்மா உடனே, "அந்தப் பெடியன் என்ன செய்யிறான்?" என்று கேட்டார். நான் அடுப்படியில் நிற்க, அம்மா குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஆரடி அது?"

"நாய் அம்மா."

"பெடியனை நாய் எண்டு சொல்லாதை. அதுகும் ஆற்றையோ பிள்ளை."

இதை விளக்கி முடிக்கவே அன்றைய பின்னேரம் போயிற்று. அதோடு செயலியை அழித்துவிட்டு நெஞ்சுப் பட்டிக்கு வந்தேன். உதயகலாவின் தம்பி பந்து விளையாடுகிறவன், அவனுடைய பட்டி. நான் படித்த எல்லா விமரிசனங்களிலும், துடிப்பைச் சரியாகச் சொல்வது நெஞ்சுப் பட்டிதான், மணிக்கட்டில் கட்டுகிறவை வியர்த்தால் தடுமாறும் என்று இருந்தது. அது முற்றிலும் உண்மை. படமும் போடாது, வெள்ளைக்காரியும் இல்லை, சட்டைக்குள் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. நான் தேடியது இதுதான் என்று நிம்மதியாக ஓடினேன். ஓடி வந்து, அறிவுறுத்தலில் சொன்னபடி கழுவி, கிணற்றடிக் கொடியில் காயப் போட்டேன்.

பத்மாசினி அன்ரியின் கணவருக்குப் போன வருடம் இதயத்தில் ஏதோ என்று, ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒரு கருவியைப் பூட்டி, ஒரு நாள் முழுவதும் கழற்றக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆகவே எங்கள் கொடியில் தொங்கியது என்ன என்பதை அன்ரி எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பட்டி காய்வதற்குள் செய்தி சந்தியைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊரில் நோய் வருத்தம் பார்க்க வெறுங்கையோடு வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நான் வேலை முடிந்து வந்தபோது விறாந்தையில் செருப்புகளும், மேசையில் பால்மா ரின்களும் விசுக்கோத்துப் பெட்டிகளும் தோடம்பழங்களும் நிறைந்திருந்தன. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள் நுழைய, வந்திருந்தவர்கள் பதறி எழுந்தார்கள்.

"ஐயோ, சைக்கிளும் ஓட விடுறியளே!"

"எனக்கு ஒண்டுமில்லை."

"அவருக்கும் துவக்கத்திலை ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னவர்" என்றார் அன்ரி.

ஒன்றுமில்லை என்று நான் சொல்லச் சொல்ல, எவ்வளவு தைரியமான பிள்ளை என்று கண் கலங்கினார்கள். அப்பா மட்டும் விசுக்கோத்துப் பெட்டி ஒன்றை உடைத்தார். எல்லாரும் போன பிறகு அம்மா சொன்னார்: "இனி ஓட்டமில்லை. டொக்டர் சொன்னாலொழிய."

ஆகவே யாழ்ப்பாணத்துக்குப் போனோம். ஓட்டோவில் வழி முழுவதும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். விழாமல் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு எனக்குக் கோபப்பட முடியவில்லை மாமா.

டொக்டர் கிறிஸ்துநாயகம் இ.சி.ஜி. எடுத்தார். துடிப்பு குறைவாக இருக்கிறது என்று தாதி சொன்னதும் அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"டொக்டர், நிண்டு போடுமோ?"

"பிள்ளை, நீர் ஓடுறனீரோ?"

"ஓம் டொக்டர்."

"அப்ப அது ஆறுதலாத்தான் அடிக்கும். நல்ல இதயம் அம்மா, பயப்பிடாதேங்கோ. எங்கை, உங்கடை கையைத் தாங்கோ பாப்பம்." அம்மாவின் கையைப் பிடித்தவர் சிரிப்பை நிறுத்தினார். "நீங்கள்தான் நடக்கோணும். நாளைக்கே துவங்குங்கோ." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அம்மா சொன்ன அந்தப் பட்டி என்ன இனம்? எனக்கும் ஒண்டு வேணும்" என்றார்.

அனுமதி திரும்பக் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு. நான் எங்கே ஓடுகிறேன், என்ன வேகத்தில் துடிக்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்திலேயே தன் போனில் தெரிகிற கடிகாரம் வேண்டும் என்கிறார் அம்மா. அப்படி ஒன்று இருப்பதாக யதுசன்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். மாமா, அம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் குசினியில் இருந்துகொண்டு நான் எந்தத் திருப்பத்தில் நிற்கிறேன் என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால், அது என் நேரமில்லை, வேலை நேரம்.

எனவே என் முடிவு இது. கையில் கட்டுகிற, தானே செய்மதி பார்த்துத் தூரம் சொல்லுகிற, மிகச் சாதாரணக் கடிகாரம் ஒன்று போதும். துடிப்பைக் கொஞ்சம் முன்பின்னாகச் சொன்னாலும் பரவாயில்லை, கொடியில் காயப்போட வேண்டியதில்லை. பேசக்கூடாது, படம் அனுப்பக்கூடாது, தெரிந்ததை எனக்கு மட்டும் சொல்ல வேண்டும். அம்மா கேட்கிற இனம் கனடாவில் முடிந்துவிட்டது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், தம்பி சொன்னால் சரி என்று விட்டுவிடுவார்.

மாமிக்கு என் அன்பு. யதுசனுக்கு என் அன்பில் பாதி. உங்கள் முழங்கால் தேறி, நீங்களும் பனி கரைந்ததும் ஓட எல்லாம் வல்ல முருகனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பணிவுள்ள மருமகள்,
சாருஜா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் இதையும் எழுத வேண்டியதாயிற்று. டொக்டர் சொன்னதிலிருந்து அம்மாவும் காலையில் நடக்கப் போகிறார். கோயிலடி மட்டும் என்று சொன்னவர், இன்று வெயில் ஏறிய பிறகும் வரவில்லை. நான் சைக்கிளில் மூன்று ஒழுங்கை தேடிவிட்டு வந்து பார்த்தால், முகம் சிவந்து, புழுதிக் காலோடு படலையைத் திறந்துகொண்டு வருகிறார். எங்கே போனீர்கள் என்று கேட்டேன். "உதெல்லாம் உனக்கேன் பிள்ளை? ஒருத்தரும் ஒண்டும் கேளாமல் நான் கொஞ்ச நேரம் நடக்கப்படாதே?" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். மேலே எழுதியதையெல்லாம் விடுங்கள் மாமா. அம்மா கேட்ட அதே கடிகாரத்தையே அனுப்புங்கள், அம்மாவின் கைக்கு அளவாக. அது என் போனுக்குச் சொல்லும் என்று மட்டும் அவருக்குச் சொல்ல வேண்டாம்.